கம்பெனி பஸ் நிற்காத நிறுத்தங்கள்

காலை நேரத்து மின்சார ரயில் என்றால், தாம்பரத்திலிருந்து பீச் நோக்கி வரும் வண்டிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். குரோம்பேட்டை, பல்லாவரம், பரங்கிமலை என்று வழியெல்லாம் ஆட்களை அள்ளிக்கொண்டு வந்து கோட்டையிலும் பாரிமுனையிலும் இறக்கிவிடும் வண்டி. 1931-ல் பீச்–தாம்பரம் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியபோது அதற்கு இருந்த வேலையே அதுதான். வீடு புறநகரில், ஆபீஸ் நகரத்தில்.

இப்போது காலை ஆறு மணிக்கு எழும்பூரிலோ மாம்பலத்திலோ எதிர்ப் பக்கத்து நடைமேடைக்குப் போய் நின்று பாருங்கள். தாம்பரம், செங்கல்பட்டு பக்கம் போகிற வண்டியும் நிறைந்துதான் வருகிறது. சட்டைப்பைக்கு மேல் கம்பெனி பெயர் தைத்த சீருடை, கழுத்தில் ஐ.டி. கார்டு, தோளில் டிபன் பை. சிலர் நின்றபடியே தூங்குகிறார்கள். இவர்கள் குடியிருப்பது நகரத்துக்குள்: வியாசர்பாடி, புளியந்தோப்பு, சைதாப்பேட்டை, ராயபுரம். வேலை இருப்பது ஒரகடத்தில், ஸ்ரீபெரும்புதூரில், சிறுசேரியில், மறைமலை நகரில். ஊரைவிட்டு வெளியே போய் உழைத்துவிட்டு இரவில் ஊருக்குள் திரும்பும் கூட்டம் இது. இவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் கார் கிடையாது. பலருக்கு ஸ்கூட்டர்கூட இல்லை.

சென்னையின் போக்குவரத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நகரத்துக்குள் நுழையும் வண்டிகளைப் பற்றியே பேசிவிட்டு முடித்துக்கொள்கிறோம். காலையில் வெளியே போகிறவர்களின் பாடு யார் கணக்கிலும் வருவதில்லை. வேலை ஊருக்கு வெளியே போனபோது, அந்த வேலைக்குப் போகிற வழியைத் தொழிலாளியின் சொந்தப் பிரச்சினையாக விட்டுவிட்டோம்.

தண்டவாளத்தை விட்டு நகர்ந்த வேலை

எப்போதும் இப்படி இருந்ததில்லை. கிண்டித் தொழிற்பேட்டை 1958-ல் திறக்கப்பட்டது. காமராஜர் முதலமைச்சர், ஆர். வெங்கட்ராமன் தொழில் அமைச்சர். கிண்டி ரயில் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம், அப்படி ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 1964-ல் வந்த அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு ஒரு பக்கம் அம்பத்தூர் நிலையம், இன்னொரு பக்கம் பட்டரவாக்கம். 1955-ல் தொடங்கிய பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலைக்கு வில்லிவாக்கமும் பெரம்பூர் லோகோவும் பக்கத்திலேயே உண்டு. வியாசர்பாடி ஜீவாவில் ஏறுகிற ஒருவர், வேறு வண்டி மாறாமல் பட்டரவாக்கத்தில் இறங்கி, லேத் பட்டறைக்கோ பிரஸ் ஷாப்புக்கோ நடந்து போய்ச் சேர முடிந்தது. வடசென்னையின் இரண்டு தலைமுறைத் தொழிலாளர்கள் அப்படித்தான் வாழ்ந்தார்கள்.

தொண்ணூறுகளில் நிலைமை மாறியது. 1996-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அதன் பின்னாலேயே உதிரிபாகக் கம்பெனிகள், ஸ்ரீபெரும்புதூரில் எலக்ட்ரானிக்ஸ் ஆலைகள், ஒரகடத்தில் வாகன ஆலைகள். தெற்கே 2000 ஜூலையில் தரமணியில் டைடல் பார்க் திறந்தது. அங்கிருந்து மென்பொருள் அலுவலகங்கள் பழைய மாமல்லபுரம் சாலை (ஓ.எம்.ஆர்.) வழியாகப் பெருங்குடி, சோழிங்கநல்லூர், நாவலூர் என்று இறங்கி, அரசின் சிறுசேரி சிப்காட் தொழிற்பூங்கா வரை போயின.

இதற்கெல்லாம் காரணம் இருக்கிறது. நூற்றுக்கணக்கான ஏக்கர் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் நகரத்துக்குள் கிடைக்காது. ஏற்றுமதிக்குத் துறைமுகம் வேண்டும், துறைமுகத்துக்கு நல்ல சாலை வேண்டும். அதனால் தொழிற்சாலைகள் தண்டவாளத்தை விட்டு நெடுஞ்சாலையைப் பிடித்துக்கொண்டன. கண்டெய்னர் லாரி எந்த வழியாகத் துறைமுகம் போகும் என்று யோசித்த அக்கறையில் பாதியாவது, காலை ஆறு மணி ஷிஃப்ட்டுக்கு வரும் ஆள் எந்த வழியாக வருவார் என்பதில் காட்டியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை இருந்திருக்காது. நாட்டின் பெரிய தொழில் வட்டாரங்களில் ஒன்றான ஸ்ரீபெரும்புதூருக்கு ஒரு ரயில் நிலையம் இல்லை. ஆவடியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் கூடுவாஞ்சேரிக்கு ஒரு பாதை என்று பத்தாண்டுக்கு மேலாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

விதிவிலக்குகளும் உண்டு. மகேந்திரா சிட்டிக்குப் பரனூர் நிலையம் வாசலிலேயே இருக்கிறது. மறைமலை நகருக்கு அதன் பெயரிலேயே ஒரு நிலையம். இந்த இரண்டு இடங்களுக்கும் நகரத்திலிருந்து போகிறவர்களோடு பேசினால் குறை குறைவாகத்தான் வருகிறது. நெரிசல் என்பார்கள், வண்டி தாமதம் என்பார்கள். போக வழியே இல்லை என்று யாரும் சொல்வதில்லை.

கண்ணாடியில் ஒட்டிய எண்

ரயில் இல்லாத இடத்துக்கு ஆட்களை எப்படிக் கொண்டுபோவது? கம்பெனிகளே பதில் கண்டுபிடித்தன. கம்பெனி பஸ்.

விடிவதற்கு முன் கோயம்பேடு, மதுரவாயல், பூந்தமல்லி, கத்திப்பாரா எங்கு போனாலும் இவற்றைப் பார்க்கலாம். முன்கண்ணாடியின் இடது மூலையில் கம்பெனி பெயரும் ரூட் எண்ணும் அச்சிட்ட அட்டை. பஸ் வருவதற்கு முன்பே ஆட்கள் சரியான இடத்தில் நிற்கிறார்கள். மின்கம்பம், மூடிய கடையின் ஷட்டர், டீக்கடை பெஞ்ச் என்று ஒவ்வொரு ரூட்டுக்கும் ஓர் அடையாளம். பஸ் முழுதாக நிற்பதுகூட இல்லை, மெதுவாகிறது. கடைசியாக ஓடி வருகிறவர் கதவுக் கம்பியைப் பிடித்ததும் கிளம்பிவிடுகிறது. டிரைவரைக் குறை சொல்ல முடியாது. ஆறு மணிக்கு கேட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது அவருக்கும் சேர்த்துப் போட்ட உத்தரவு.

இந்த ஏற்பாடு இல்லையென்றால் அந்த ஆலைகள் ஒரு நாள்கூட ஓடாது. அதை மனதார ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அதே நிறுத்தத்தில், அதே இருட்டில், அந்த பஸ்ஸில் ஏற முடியாதவர்களும் நிற்கிறார்கள். நிரந்தர ஊழியருக்கு இடம் உண்டு, பயிற்சியாளருக்குப் பெரும்பாலும் உண்டு. காண்ட்ராக்ட் ஆட்கள் விஷயத்தில் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சில இடங்களில் சம்பளத்தில் பிடித்துக்கொண்டு ஏற்றுகிறார்கள், சில இடங்களில் ஏற்றுவதே இல்லை. கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவர், தோட்டம் பார்க்கிறவர், வாசல் செக்யூரிட்டி, பெரிய ஆலைக்கு உதிரிபாகம் செய்து தரும் சின்னக் கம்பெனியின் ஆபரேட்டர் ஆகியோருக்கெல்லாம் பெரிய கம்பெனியின் பஸ் கண்ணில் மட்டும் படும். இருக்கை காலியாக இருந்தாலும் நிற்காது.

நிற்கச் சட்டமும் இடம் தரவில்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி அரசு பஸ் போல வழியில் நிறுத்தி ஆள் ஏற்றி இறக்குவது 'ஸ்டேஜ் கேரேஜ்'. ஒப்பந்தம் பேசி ஒரு குழுவை ஏற்றிப்போவது 'காண்ட்ராக்ட் கேரேஜ்'. ஒப்பந்தத்தில் இல்லாத ஆளை இரண்டாவது வகை வண்டி வழியில் ஏற்றக் கூடாது. ஷேர் ஆட்டோக்கள் காலம் காலமாகச் சட்டத்தின் விளிம்பில் ஓடுவதும் இதே பிரிவினால்தான். போலீஸ் பிடிக்கிற நாளில் ஓடாது, மற்ற நாளில் ஓடும். ஆயிரக்கணக்கானவர்கள் வேலைக்குப் போய்ச் சேர்வது இப்படி ஓர் ஏற்பாட்டை நம்பித்தான்.

நாவலூரில் ஏழு மணி

புளியந்தோப்பில் குடியிருக்கும் ஒரு பெண்மணி நாவலூரில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிறார். வயது நாற்பத்தைந்துக்கு மேல். காலை ஏழு மணிக்குள் கைரேகை வைத்தாக வேண்டும். மென்பொருள் ஊழியர்கள் வந்து உட்காருவதற்கு முன் மேஜைகள் துடைத்திருக்க வேண்டும், கழிவறைகள் கழுவியிருக்க வேண்டும். அதனால் அந்தக் கட்டடத்திலேயே மிகக் குறைந்த சம்பளம் வாங்குகிறவர்தான் எல்லோருக்கும் முன்னால் வந்து சேர வேண்டியிருக்கிறது.

நாலரைக்கு முன் எழுந்து சோறு வடித்து, குழம்பை முந்தின நாளே வைத்துவிடுவதால் அதைச் சூடுபடுத்தி, பிள்ளைக்கு எடுத்து வைத்துவிட்டுக் கிளம்புகிறார். ஷேர் ஆட்டோவில் பாரிமுனை. அங்கிருந்து கேளம்பாக்கம் போகும் 102. பஸ் வந்ததும் அவர் முதலில் பார்ப்பது எண்ணை அல்ல, போர்டை. வெள்ளை போர்டு என்றால் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. டீலக்ஸ் என்றால் காசு.

"வெள்ளை போர்டாண்ணே?" என்று படியிலிருந்தே கண்டக்டரிடம் கேட்கிறார். இல்லை என்று அவர் தலையை ஆட்டினால் இறங்கிக்கொள்கிறார். அடுத்ததற்குக் காத்திருப்பார். ஆனால் எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்.

"ஏழு மணிக்கு மேல போனா சூப்பர்வைசர் அரை நாளைக் கழிச்சிடுவாரு சார். அஞ்சே முக்கா வரைக்கும் பார்ப்பேன். வரலைன்னா காசு குடுத்து ஏறிடுவேன். அன்னிக்கு டீயும் பன்னும் கிடையாது."

ரயிலில் போகலாமே என்று கேட்டேன். பார்க் டவுனில் ஏறினால் பறக்கும் ரயில் நெரிசலில் சிக்காமல் திருவான்மியூரில் இறக்கிவிடும்.

"போலாம் சார். ஆனா அங்க எறங்கி மறுபடியும் பஸ் புடிக்கணும். அது எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்? ரயிலுக்குக் காசும் குடுத்து, பஸ்ஸுக்கும் நின்னு... ஒரே பஸ்னா ஏறி உக்காந்தா முடிஞ்சுது."

போக்குவரத்து வல்லுநர்கள் எத்தனையோ அறிக்கைகளில் எழுதுவதை அவர் தன் அனுபவத்தில் கண்டுவைத்திருக்கிறார். ஒவ்வொரு மாற்றமும் ஓர் அபாயம். வண்டி ஓடும் நேரம் இரண்டு மணி என்றால் பழகிக்கொள்ளலாம். எப்போது வரும் என்று தெரியாமல் நிற்கும் இருபது நிமிடம்தான் அரை நாள் சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்கிறது.

மாலை நாலு மணிக்கு வேலை முடிந்தாலும் வீடு சேர ஏழு ஆகிவிடும். ஓ.எம்.ஆரில் மெட்ரோ வேலை தொடங்கிய பிறகு சாலை ஒடுங்கிப்போனது. அவர் நிறுத்தத்தில் நிற்கும்போது எதிரே வெள்ளை நிற கேப்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன, பலவற்றில் இரண்டு பேர், சிலவற்றில் ஒருவர். அதே கட்டடத்தில் வேலை பார்ப்பவர்கள்தான்.

காசும் நேரமும்

2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. விடியல் பயணம் என்று பின்னால் பெயர் பெற்ற இந்தத் திட்டத்தை 'ஓசி பயணம்' என்று ஏளனம் செய்தவர்கள் உண்டு. நாவலூர் போகும் அந்தப் பெண்மணியின் பக்கத்து இருக்கையில் ஒரு நாள் உட்கார்ந்து வந்தால் அந்தப் பேச்சு வாயில் வராது. மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாக மாநிலத் திட்டக் குழு நடத்திய ஆய்வு சொன்னது. வீட்டு வேலைக்கும் ஹவுஸ்கீப்பிங்குக்கும் போகிறவர்களின் வீட்டில் அது கேஸ் சிலிண்டர், அல்லது பிள்ளையின் டியூஷன். தூரம் காரணமாக முன்பு மறுத்த வேலையை இப்போது ஏற்றுக்கொள்ள முடிகிறது என்று சொன்ன பெண்கள் பலர். இந்த நூற்றாண்டில் தமிழ்நாட்டில் போக்குவரத்துக்காக எடுத்த முடிவுகளில் மிகச் சிறந்தது இதுதான் என்பது என் கருத்து.

ஆனால் அது வெள்ளை போர்டோடு நின்றுவிடுகிறது. சிப்காட் கேட்டுக்கு வெள்ளை போர்டு போகாவிட்டால் அந்தச் சலுகை நெடுஞ்சாலையிலேயே இறங்கிவிடுகிறது. மீதி இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு ஷேர் ஆட்டோ. பல நாட்களில் மொத்தப் பயணத்திலும் காசு அதிகம் போவது அந்தக் கடைசித் துண்டுக்குத்தான்.

ஆண்களுக்கு மாநகரப் பஸ்ஸில் விருப்பம்போல் பயணம் செய்ய 1,000 ரூபாய் மாதப் பாஸ் இருக்கிறது. மின்சார ரயில் அதைவிட மலிவு, பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு 10 ரூபாய் டிக்கெட். 2025 செப்டம்பரில் வந்த 'சென்னை ஒன்' செயலியால் பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட் எடுக்கலாம். நல்ல தொடக்கம். அடுத்ததாக வேண்டியது மூன்றுக்கும் சேர்த்து ஒரே மாதப் பாஸ், அதுவும் பஸ் பாஸின் விலைக்கு அருகில். ஸ்மார்ட்போனில் இடமில்லாத, டேட்டா தீர்ந்துபோகிற ஒருவருக்கும் அது கையில் கிடைக்க வேண்டும்.

வண்டி எடுத்தவர்கள்

இளைஞர்கள் இந்தத் தொல்லையிலிருந்து தப்பிக்க ஒரே வழியைத்தான் பார்க்கிறார்கள். ஐ.டி.ஐ. முடித்து ஒரகடத்தில் வேலைக்குச் சேர்ந்த பையன், நாலைந்து மாதத்தில் முன்பணம் கட்டி டூ வீலர் எடுத்துவிடுகிறான். நேர்காணலிலேயே "எங்கிருந்து வர்றே? வண்டி இருக்கா?" என்று கேட்கும் இடங்கள் உண்டு. இல்லை என்று சொன்னால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். அதனால் கையில் வேலை வருவதற்கு முன்பே தவணை வந்துவிடுகிறது. கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, தினமும் போகவர எண்பது கிலோமீட்டர், இரவு ஷிஃப்ட் முடித்துத் தூக்கக் கலக்கத்தோடு. வீட்டில் அம்மாக்கள் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

ரயிலை நம்புகிறவர்களுக்கும் ஆபத்து உண்டு. 2018 ஜூலை 24 அன்று பரங்கிமலை நிலையத்தில் நடந்ததை அந்தத் தடத்தில் போகிறவர்கள் மறக்கவில்லை. மின்கம்பிக் கோளாறால் விரைவு ரயில் பாதையில் திருப்பிவிடப்பட்ட மின்சார ரயிலில், படியில் தொங்கியபடி வந்தவர்கள் நடைமேடையோரக் கான்கிரீட் சுவரில் மோதி விழுந்தார்கள். பல உயிர்கள் போயின. படியில் தொங்காதே என்று அறிவிப்பு ஒலிபரப்புகிறோம். காலை நேரத்தில் உள்ளே நிற்க இடமில்லாத வண்டியை விட்டுவிட்டு அடுத்ததில் வா என்று சொல்லலாம்தான், அடுத்ததில் போனால் லேட் பஞ்ச் விழாது என்று கம்பெனி உத்தரவாதம் தந்தால்.

இங்கே எல்லாரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. இ.எஸ்.ஐ. சட்டத்தில் 2010-ல் 51இ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதோ வேலை முடிந்து திரும்பும்போதோ விபத்து நேர்ந்தால், நேரம், இடம், சூழ்நிலை ஆகியவற்றுக்கும் வேலைக்கும் தொடர்பு இருப்பது தெரிந்தால், அது வேலையின்போது நேர்ந்த விபத்தாகவே கொள்ளப்படும். இ.எஸ்.ஐ.க்குள் வராதவர்களுக்கு 1923-ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் கீழும் இப்படிக் கோர முடியும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்று தெரிந்தவர்களிலும் பலருக்கு இது தெரியாது. காண்ட்ராக்டர்கள் சொல்லப்போவதில்லை. வீட்டில் ஒருவராவது தெரிந்துவைத்திருங்கள்.

விடுதிக்குள் முடிந்த வழி

கம்பெனிகள் கண்ட இன்னொரு விடை, ஆட்களைத் தினமும் கொண்டுவராமல் பக்கத்திலேயே தங்கவைப்பது. திருவண்ணாமலை, விழுப்புரம், கள்ளக்குறிச்சி என்று வெளி மாவட்டங்களிலிருந்து இளம் பெண்களை எடுத்து, விடுதியில் வைத்து, விடுதிக்கும் ஆலைக்கும் பஸ் விடுகிறார்கள். அந்த விடுதிகள் எப்படி இருந்தன என்பது 2021 டிசம்பரில் ஊருக்கே தெரிந்தது. ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள் விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் நோயுற்றபோது, அவர்களுடைய தோழிகள் ஸ்ரீபெரும்புதூர் அருகே சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். அதன் பிறகு நிலைமை கொஞ்சம் மாறியது. வல்லம் வடகாலில் சிப்காட் 706.50 கோடி ரூபாயில் கட்டிய 18,720 படுக்கைகள் கொண்ட குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. வெளியூரிலிருந்து வரும் பெண்ணுக்குப் பாதுகாப்பான கூரை வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் அதே வேலைக்கு வியாசர்பாடிப் பெண் ஒருத்தி மனுப் போட்டால் என்ன நடக்கிறது? விடுதியில் தங்க அவளால் முடியாது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, தம்பி பள்ளிக்கூடம் போகிறான், மாலையில் தண்ணீர் பிடிக்க ஆள் வேண்டும். வீட்டிலிருந்து போய்வரவும் முடியாது. ஆறு மணிக்குள் கேட்டுக்குள் நுழைய அரசு பஸ் எதுவும் அவளைக் கொண்டுபோய் விடாது. இரண்டாவது ஷிஃப்ட் இரவு பத்துக்கு முடிந்தால் திரும்பிவர வழியில்லை. ஆலைகளில் பெண்கள் இரவு வேலை பார்ப்பதைத் தடுத்த சட்டப் பிரிவை சென்னை உயர் நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டின் இறுதியில் நீக்கியபோது, போக்குவரத்து வசதியையும் நிபந்தனைகளில் ஒன்றாக வைத்தது. வாகனம் தருவது கம்பெனியின் தயவு அல்ல, கடமை. ஆனால் கம்பெனி தன் ரூட் எங்கே முடிய வேண்டும் என்பதைத் தானே முடிவு செய்துகொள்கிறது. பூந்தமல்லியில் முடித்துக்கொண்டால் அதற்கு மேல் அவள் பாடு.

வடசென்னையில் வேலையில்லாமல் இருக்கும் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது படிப்பு, பழக்கம், ஒழுக்கம் என்று ஏதேதோ காரணம் சொல்கிறோம். நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வேலைக்குப் போக விடிகாலை நாலரை மணிக்கு ஒரு பஸ் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. 1968-ல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜான் கெய்ன், டெட்ராய்ட், சிகாகோ நகரங்களை ஆராய்ந்து இதே கேள்வியைக் கேட்டார். வேலைகள் புறநகருக்குப் போய்விட்டன. நிறவெறியால் வெளியே வீடு கிடைக்காத கறுப்பின மக்கள் நகரத்துக்குள் அடைபட்டார்கள். அவர்களுடைய வேலையின்மைக்கு அந்தத் தூரமும் ஒரு காரணம் என்று அவர் வாதிட்டார். சென்னையில் மனிதர்களை நகரத்துக்குள் கட்டிப்போடும் கயிறுகள் வேறு. ஒரு வீட்டில் மூன்று பேர் மூன்று திசையில் வேலை பார்ப்பார்கள். ரேஷன் கார்டு, பள்ளிக்கூடம், அரசு ஆஸ்பத்திரி, கடன் தரும் சுய உதவிக் குழு எல்லாமே அந்தத் தெருவில் இருக்கும். ஒருவர் வேலைக்காக மட்டும் குடும்பத்தையே ஒரகடத்துக்குப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது.

பெயர்த்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2000-லிருந்து கூவம் கரையோரத்திலும் மற்ற இடங்களிலும் இருந்த குடும்பங்களைக் கண்ணகி நகருக்கும், 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் வைத்தோம். வீடு ஓ.எம்.ஆர். பக்கம் போனது, வேலை மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் நின்றுவிட்டது. அவர்கள் விடிகாலையில் நகரத்துக்குள் வருகிற அதே நேரத்தில் புளியந்தோப்புப் பெண்மணி நகரத்தைவிட்டு நாவலூர் போகிறார். சோழிங்கநல்லூர் அருகே இரண்டு பஸ்களும் எதிரெதிரே கடக்கின்றன.

வரப்போவதும் இன்றே செய்யக்கூடியதும்

பெரிய திட்டங்கள் வந்துகொண்டிருக்கின்றன. மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் மூன்று தடங்கள், மொத்தம் 118.9 கிலோமீட்டர். அவற்றில் மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை போகும் 45.8 கிலோமீட்டர் தடம் பெரம்பூர், ஓட்டேரி, புரசைவாக்கம், மயிலாப்பூர், அடையாறு வழியாக ஓ.எம்.ஆருக்குப் போகிறது. வடசென்னைக்கும் சிறுசேரிக்கும் நடுவே வண்டி மாறாத வழி முதல்முறையாக வரப்போகிறது. அதன் கட்டணத்தை யாருக்காக நிர்ணயிக்கப் போகிறோம் என்பதை இப்போதே பேசியாக வேண்டும். ஹவுஸ்கீப்பிங் பெண்மணி தன் வீட்டுக்கு அடியில் ஓடும் ரயிலை விட்டுவிட்டு வெள்ளை போர்டுக்காகக் காத்திருக்கும்படி ஆகக் கூடாது.

கட்டி முடிக்கும் வரை காத்திருங்கள் என்று சொல்வது எளிது. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்குப் பறக்கும் ரயிலை நீட்டிக்க வேண்டியது வெறும் ஐந்து கிலோமீட்டர். 2008-ல் தொடங்கிய வேலை, ஆதம்பாக்கத்தில் சில நூறு மீட்டர் நிலத்துக்காகப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது. 2023 ஆகஸ்டில் நாலாவது ரயில் பாதை போடுவதற்காகச் சிந்தாதிரிப்பேட்டை–பீச் இடையே பறக்கும் ரயிலை ஏழு மாதம் நிறுத்துவதாகச் சொன்னார்கள். திரும்ப ஓட 2024 அக்டோபர் ஆனது. அந்தப் பதினாலு மாதமும் வடசென்னையிலிருந்து தரமணிக்கும் பெருங்குடிக்கும் போனவர்கள் சிந்தாதிரிப்பேட்டை வரை போக இன்னொரு வண்டி பிடித்தார்கள். அவர்களில் எத்தனை பேர் வேலையை விட்டார்கள் என்று எந்த அலுவலகத்திலும் எழுதிவைக்கவில்லை.

அதனால் கான்கிரீட் தேவைப்படாத வேலைகளை முதலில் செய்யலாம். மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் கால அட்டவணை பள்ளி, ஆபீஸ் நேரத்தை ஒட்டி இருக்கிறது. ஆலைகள் ஓடுவது ஆறு, இரண்டு, பத்து என்ற மணிக் கணக்கில். இரவு பத்தரைக்கு சிப்காட் வாசலில் ஒரு பஸ் நின்றால், கம்பெனி பஸ் கிடைக்காத அத்தனை பேரும் அதில் ஏறுவார்கள். அந்த பஸ் நெடுஞ்சாலையோடு போய்விடாமல் சிப்காட்டுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். மோட்டார் வாகன விதிகளில் ஒரு சின்னத் திருத்தம் செய்தால், கம்பெனி பஸ்ஸின் காலி இருக்கையில் பக்கத்துக் கம்பெனி காண்ட்ராக்ட் தொழிலாளியும் அட்டையைக் காட்டி ஏறலாம். சிறு கம்பெனிகள் பத்து சேர்ந்து ஒரு பஸ் ஓட்டினால் சிப்காட் அதற்கு உதவலாம். நகரத்தின் எல்லாப் போக்குவரத்தையும் ஒரே மேஜையில் உட்கார்ந்து திட்டமிட வேண்டும் என்று 2010-லேயே சட்டம் இயற்றி, 'கும்டா' என்ற அமைப்பை உருவாக்கிவிட்டோம். அந்த மேஜையில் சிப்காட்டும் தொழிலாளர் துறையும் உட்கார்ந்து, எந்த ஆலையில் எந்த ஷிஃப்ட்டுக்கு எந்தப் பகுதியிலிருந்து எத்தனை பேர் வருகிறார்கள் என்ற பட்டியலை முன்னால் வைக்க வேண்டும். ஆட்களின் முகவரி ஒவ்வொரு கம்பெனியிடமும் இருக்கிறது. பட்டியல் போட ஒரு வாரம் போதும்.

2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பஸ்கள் ஓடத் தொடங்கின. தாழ்தளப் பஸ்கள், வயதானவர்களும் சிரமமில்லாமல் ஏறலாம். அவற்றில் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று காலை நாலேகாலுக்கு அந்தப் பணிமனையிலிருந்து கிளம்பி, மூலக்கடை, ரெட்டேரி, கோயம்பேடு, பூந்தமல்லி வழியாக இருங்காட்டுக்கோட்டை கேட்டில் ஐந்தே முக்காலுக்குள் இறக்கட்டும். இன்னொன்று புளியந்தோப்பு, சென்ட்ரல், அடையாறு வழியாக ஆறரைக்குள் சிறுசேரி போகட்டும். இரண்டும் வெள்ளை போர்டாக ஓடட்டும். மூன்று மாதம் ஓட்டிவிட்டு, யார் ஏறினார்கள், எங்கே இறங்கினார்கள், அதற்கு முன் வேலையில்லாமல் இருந்தவர்கள் எத்தனை பேர் என்று கண்டக்டர்களிடமும் பயணிகளிடமும் கேளுங்கள். மூன்றாவது பஸ்ஸை எந்தத் தெருவுக்கு விடுவது என்று அவர்களே சொல்வார்கள்.